சலாமுக்கு நின்ற வண்டி

மும்பை செம்பூரில் ஒரு கிளப்பில் பதினெட்டு வருஷமாக நான்தான் மெக்கானிக். உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி ஒன்று புதிதாக வந்தது. வந்த நாளிலிருந்து அடிக்கடி நின்றுபோனது. பிளக், ஃபில்டர், பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். நான் ஓட்டினால் ஓடும்; தோட்டக்கார மாலி ஓட்டினால் நிற்கும். கடைசியில் செக்ரட்டரி தாராவியிலிருந்து ஒருவரை வரவழைத்தார்.

ஒல்லியான ஆள். ஒரு சொட்டு ஆயில் கறை இல்லாத வெள்ளைச் சட்டை. அதைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டூல் பையை அவர் திறக்கவே இல்லை. மர நிழலில் குத்தவைத்து உட்கார்ந்து, சோம்பை மென்றபடி, மாலி ஓட்டுவதையே அரைமணி நேரம் பார்த்தார்.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. பெரிய சாப் யாராச்சும் அந்தப் பக்கம் போனா ஒங்க மாலி பாதி எந்திச்சு சலாம் வைக்காரு. சீட்டுல கனம் இல்லன்னா, ஆளு விழுந்துட்டாருன்னு இன்ஜின் தானா நின்னுரும்லா?"

சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த சுவிட்சை நான் இரண்டு முறை சோதித்திருந்தேன். மாலியைத்தான் பார்க்கவில்லை.

"பைட் கே சலாம் கரோ" என்று, உட்கார்ந்தபடியே சலாம் வைக்கச் சொல்லி மாலிக்குச் சைகை காட்டிவிட்டு, அவர் கேட்டை நோக்கி நடந்தார். அவர் வண்டியைத் தாண்டும்போது மாலி பழக்க தோஷத்தில் எழுந்து சலாம் வைத்தார். வண்டி நின்றது.

நானும் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். எனக்காக அது ஒரு தடவைகூட நின்றதில்லை.