எலும்பு ஸ்கேனுக்கு முன் குடிக்காத தண்ணீர்

என் மனைவியின் தம்பி கல்முனையில் பயிருக்கு அடிக்கிற கிருமிநாசினிக் கடை வைத்திருக்கிறார். மாவடிப்பள்ளி வயல்காரர் கேட்கிற மருந்தை வெறுங்கையால் அளந்து ஊற்றுவார். அதே கையை உடுத்திருக்கும் சாரத்தில் துடைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிப்பார். கதிர்வீச்சைப் பற்றி எங்கள் குடும்பத்துக்குப் புத்தி சொல்ல முன்வந்தவர் இவர்தான்.

மனைவிக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி எடுத்து இரண்டாம் வருடம் இடுப்பு வலி தொடங்கியது. நோய் எலும்புக்கு இறங்கிவிட்டதா என்று பார்க்க, கண்டியில் ஒரு வைத்தியசாலையில் எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கிடைத்த திகதி நோன்பு மாதத்தில் விழுந்தது.

"மச்சான், அது அணுகுண்டுச் சாமான். ராத்தாட உடம்புல ஏத்தினா நாப்பது நாளைக்குப் புள்ளைகள் கிட்டப் போகப்படா" என்றார் மைத்துனர், தன் அக்காவைப் பற்றி.

"அண்டைக்கு ஒரு நாள் மட்டும் கைக்குழந்தைகளோட கவனமா இரிக்கச் சொல்லி அவங்க தந்த தாள்ல இரிக்கி" என்றேன்.

"தாள அடிச்சதும் அவனுகள்தானே?"

இப்படிப் பேசியவர் வான் வண்டியில் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எங்களோடு புறப்பட்டார். முதல் நாளே போய்த் தங்கினோம்.

காலை 9.10க்கு ஊசி போட்டார்கள். படம் எடுக்க மூன்று மணித்தியாலம் செல்லும். ஸ்கேன் எடுக்கும் பெண் பொறுமையாக விளக்கினார். "நல்லாத் தண்ணி குடிங்கம்மா, அடிக்கடி சிறுநீர் போங்க. எலும்புல ஒட்டாத மருந்து அப்படித்தான் வெளியே போகும். குடிக்காட்டி அது சிறுநீரோட சலப்பையிலயே நிற்கும், வீணா அங்க கதிர் படும்." மொத்தத்தில் எவ்வளவு கதிர் என்று கேட்டேன். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் எல்லோருக்கும் ஓரிரு வருடத்தில் படுகிற அளவுதான் என்றார். எழுதிக்கொண்டேன்.

9.50, மனைவி ஒரு போத்தல் குடித்தாள். 10.40, இரண்டாவது போத்தல் குடித்தாள். என் குறிப்பில் இப்படி இருக்கிறது. நான் கண்டது காலிப் போத்தல்களை மட்டுமே. இரண்டு தடவையும் மைத்துனர் போத்தலைத் தூக்கிக்கொண்டு கழிவறை வாசல் வரை ராத்தாவோடு போனார். உதவி செய்கிறார் என்று நினைத்தேன். வருடக்கணக்காக நாட்குறிப்பு எழுதுகிறவனின் இலட்சணம் அது.

12.20க்குப் படம் எடுத்தார்கள். சற்று நேரத்தில் அந்தப் பெண் எங்களை உள்ளே கூப்பிட்டார். திரையில் என் மனைவியின் எலும்புக்கூடு மங்கலாகத் தெரிந்தது. இடுப்புக்கு நடுவில் மட்டும் ஒரு பெரிய வெளிச்சம். பார்க்க வந்த இடத்தையே அது மறைத்திருந்தது.

"அம்மா தண்ணி குடிச்சாங்களா?"

நான் குறிப்பைக் காட்டினேன். அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் மனைவியைத்தான் பார்த்தார்.

"நான் நோன்பு. ரெண்டு போத்தல் தண்ணியும் ஊத்தியாச்சி" என்றாள் அவள்.

"ஊசி நோன்ப முறிக்காதாம், நான் விசாரிச்ச. தண்ணிதான் முறிக்கும்" என்றார் மைத்துனர், பெருமையாக.

நோயாளி நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கலாம். பயணியும் அப்படித்தான். என் மனைவி இரண்டுமாக இருந்தாள். குர்ஆன் மதரஸாவுக்குப் போகிற பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சட்டம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஸ்கேனுக்குப் போன இடத்திலும் எங்கட ராத்தா நோன்பு விடவில்லை என்று ஊரில் சொல்லித் திரிய வேண்டும். அதற்காக அவளுடைய சலப்பையில் கதிரைத் தேக்கி வைத்திருந்தார்.

"நோன்பு திறந்த பொறகு எடுக்கேலாதா?" என்று கேட்டார்.

"ஆறு மணித்தியாலத்துல மருந்து பாதியாகிடும். அந்நேரம் நாங்களும் இருக்க மாட்டம். இப்ப குடிச்சா ரெண்டு மணிக்குத் திரும்ப எடுக்கலாம். இல்லாட்டி வேறொரு நாள் வந்து புதுசா ஊசி போடணும்."

"அப்ப இன்னொரு நாளைக்கு வருவம்."

அணுகுண்டுக்குப் பயந்த மனிதர், அடுத்தவர் உடம்பில் இரண்டாவது குண்டைப் போட ஒரு நிமிடத்தில் சம்மதித்துவிட்டார்.

என் மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "ஒரு ஊசிக்கு நாப்பது நாள் எண்டா ரெண்டுக்கு எம்பதா? எனக்கு எலும்புல வந்திட்டா இல்லையா எண்டு தெரியாம நான் இஞ்ச இருந்து போக மாட்டன். நீ அங்கால போடா." பிறகு என்னிடம் திரும்பினாள். "இஞ்ச பாருங்க, தண்ணி வாங்கி வாங்க."

ஒன்றரைப் போத்தல் குடித்தாள். இந்த முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு தடவை சிறுநீர் கழித்துவிட்டு வந்தாள். 2.15க்கு எடுத்த படத்தில் இடுப்பு தெளிவாக இருந்தது.

திரும்பும்போது மைத்துனர் முன் சீட்டிலும் உட்காரவில்லை, எங்கள் பக்கத்திலும் உட்காரவில்லை. கடைசி சீட்டுக்குப் போய், மூக்கில் கைலேஞ்சியைப் பொத்திக்கொண்டு வந்தார். கதிரை மணந்து பிடிக்கலாம் என்று நினைத்தாரோ தெரியாது.

பன்னிரண்டாம் நாள் அறிக்கை வந்தது. எலும்பில் பரவவில்லை, இடுப்பு மூட்டில் தேய்மானம் மட்டும். மனைவி என்னை இரண்டு தரம் வாசிக்க வைத்தாள். மூன்றாம் தரம் தானே தாளை வாங்கி, ஆங்கிலம் தெரியாவிட்டாலும், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைத்துனருக்குத் தொலைபேசியில் சொன்னோம்.

"அல்ஹம்துலில்லாஹ். பாத்தீங்களா மச்சான், நோன்புட பறக்கத்த!" நோன்பின் அருளாம்.

நான் தொலைபேசியை மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதைக் காதில் வைக்காமலே அணைத்துவிட்டு, வலிக்கிற இடுப்பைப் பிடித்துக்கொண்டு கஞ்சி காய்ச்சப் போனாள்.