பல் வைத்த கத்தி

அறுவடைக் கூலித் தகராறு முற்றியிருந்த சமயம். பாபநாசத்தில் வைக்கோல் வியாபாரம் செய்யும் நான் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் போலீஸார் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். என் பையில், மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மடக்குக்கத்தி இருந்தது.

"பல்லு வச்ச கத்தி எதுக்குய்யா? யாரை வெட்டப் போற?" என்றார் ஏட்டு.

"பாரம் கட்டுற கயிறு அறுக்கத்தாங்க. சாதாக் கத்தி வழுக்குதுங்க."

அவர் நம்பாமல் என்னைக் கீழே இறக்கினார். கத்தியைத் திருப்பிப் பார்த்தவர், பல்லிடுக்கில் சிக்கியிருந்த கயிற்று நாரைக் கண்டதும், "சரி, ஏறு" என்றார்.

பக்கத்து சீட்டுக்காரரோ வேறு இடத்துக்கு மாறி, தஞ்சாவூர் வரை என் பையையே பார்த்தபடி வந்தார்.

அன்றிலிருந்து அந்தக் கத்தி கடையை விட்டு வெளியே வருவதில்லை. வெளியூரில் சாதாக் கத்திதான். அதுவும் வழுக்கினால் முடிச்சைப் பொறுமையாகக் கையாலேயே அவிழ்க்கிறேன்.