நிலை: நிரூபிக்கப்பட்டது

போன வாரம் அத்தை மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுத்து வந்து கூடத்தில் பரப்பியிருந்தார்கள். எல்லோரும் ஜரிகையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் காலி அட்டைப்பெட்டியை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தேன். அத்தை பார்த்துவிட்டாள். "இன்னாடி, புடவைய உட்டுட்டு பொட்டிய மோந்துக்கினு இருக்கிற?" என்றாள். மைதாப் பசையும் மயில்துத்தமும் ஈர அட்டையும் கலந்த அந்தப் புளித்த வாசனைதான் என் முதல் வேலையின் வாசனை என்று அவளிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? சிரித்து மழுப்பிவிட்டேன்.

உங்களிடம் சொல்லலாம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு குறுகலான தெரு. கீழே பாஷா பாயின் பெட்டிப் பட்டறை, மாடியில் எங்கள் ஆபீஸ். தென்னேரியிலிருந்து வாலாஜாபாத் வந்து பஸ் மாறி, அரிசி மில் தவிட்டுத் தூசியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நான் மாடிப்படிக்கு வரும்போது பாய் பசை காய்ச்ச ஆரம்பித்திருப்பார். அந்த வாசனையோடுதான் மேலே ஏறுவேன். ஊரில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு "கம்ப்யூட்டர்ல" என்று மட்டும் சொல்லிவிடுவேன். அதற்கு மேல் விளக்கினால் பாவம், அவர்கள் முகம் வாடிவிடும்.

நீங்கள் வாடாமல் கேளுங்கள். வெளியூர்க் கம்பெனி ஒன்று ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து ஏற்றும் பம்ப் செய்துகொண்டிருந்தது. நரம்பு வழியாக மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் சின்னப் பெட்டி. அதற்குள் ஓடும் மென்பொருள், டாக்டர் வைத்த எல்லையைத் தாண்டி ஒரு சொட்டுகூட ஏற்றாது என்று கணக்கு வழியாக நிரூபித்துக் கொடுக்க வேண்டும். ஓட்டிப் பார்த்துச் சோதிப்பது வேறு. ஆயிரம் முறை சரியாக ஓடிய பெட்டி அடுத்த முறை என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? நிரூபணம் என்றால் எல்லா முறைக்கும் சேர்த்து. நாங்கள் எழுதிய நிரூபணத்தை ஒரு மென்பொருள் வரி வரியாகப் படித்துச் சரி, தப்பு என்று சொல்லும். காலேஜில் வாத்தியாரிடம் 'இதிலிருந்து தெளிவாகிறது' என்று எழுதித் தப்பித்த வித்தையெல்லாம் அதனிடம் செல்லாது.

ஒரே ஒரு சலுகை உண்டு. ஒரு படி இப்போதைக்கு வரவில்லை என்றால், 'இதை ஒத்துக்கொள், பிறகு நிரூபிக்கிறேன்' என்பதற்கு ஒரு சொல் இருந்தது. போட்டால் ஒத்துக்கொள்ளும், ஓரத்தில் மஞ்சள் கோடு ஒன்றை மட்டும் காட்டும். ஆபீஸில் அதற்கு 'அப்புறம்' என்று பேர். "ஒரு அப்புறம் போட்டுட்டு சாப்பிட வரேன்" என்பார்கள்.

என் வேலை நிரூபிப்பது இல்லை. எம்.எஸ்ஸி. கணக்கில் முதல் வகுப்பு வாங்கிவிட்டு நான் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். நிரூபணம் இருந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு குறிப்பு: எழுதியவர் யார், பம்பின் எந்தப் பகுதியைப் பற்றியது, எந்த லெம்மாவை, அதாவது எந்தத் துணைத் தேற்றத்தை, நம்பி நிற்கிறது, நிலை என்ன. இஷ்டத்துக்கு எழுத முடியாது. என்னென்ன வகைப் பொருள்கள் உண்டு, எதற்கும் எதற்கும் என்ன உறவு என்று முதலிலேயே வகுத்து வைத்த ஒரு பட்டியல் இருந்தது. ஆன்டாலஜி என்பார்கள். அதிலிருந்து எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். கம்பெனிக்குக் கொடுக்கும் அறிக்கையில் ஒவ்வொரு வாக்கியமும் அந்தக் குறிப்பு வழியாகத் தன் நிரூபணத்தோடு இணைந்திருக்கும்.

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவள் எஸ்தர் அக்கா. என்னைவிட இரண்டே வயது பெரியவள், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து வீடு. நிரூபணம் எழுதுவதில் எங்கள் ஆறு பேரில் அவள்தான் கெட்டி. கருவாட்டுக் குழம்பு கொண்டுவரும் நாளில் மட்டும் மாடியில் சாப்பிடமாட்டாள். மாடியை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரருக்கு அந்த வாசனை ஆகாது. என்னையும் இழுத்துக்கொண்டு பாயின் பட்டறைக்கு இறங்குவாள். "இங்க பசை நாத்தத்துல எந்தக் கருவாடும் தெரியாதுபா" என்பாள். பாய் பெட்டிகளை ஒதுக்கி இடம் செய்து தருவார். அவள் நிறைமாதமாக இருந்தபோதுகூட அந்தச் செங்குத்துப் படியில் இறங்கி வந்து சாப்பிட்டாள். எனக்குத்தான் பயமாக இருக்கும்.

பிரசவ லீவில் போன அன்று ஆட்டோவில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "என் ஃபோல்டர் எல்லாம் முடிஞ்சிட்சிமா. அந்த ரீஸ்டார்ட் லெம்மா ஒண்ணுதான் இருக்குது. சார்கிட்ட சொல்லிடு." நான் தலையாட்டினேன். மனசு முழுக்க ஐந்தரை பஸ்ஸில் இருந்தது. மறுநாள் காலை வந்து, அவளுடைய ஃபோல்டரில் இருந்த நாற்பது சொச்சம் ஃபைலையும் ஒரே மூச்சில் தேர்ந்தெடுத்து, நிலை: நிரூபிக்கப்பட்டது என்று போட்டேன். காபி குடிக்கப் போனேன். சுறுசுறுப்பாக வேலை செய்துவிட்டதாகப் பெருமை வேறு.

ஒரு மாதம் கழித்து, கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஆள் வரும் நாள். மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. காலையில் அறிக்கைக்கு முன்னுரை எழுத ஒரு வாக்கியம் வேண்டியிருந்ததால் அக்காவின் ரீஸ்டார்ட் ஃபைலைத் திறந்தேன். ஓரத்தில் மஞ்சள் கோடு. உள்ளே ஒரு 'அப்புறம்'. தலைப்பில் என் குறிப்பு: எழுதியவர் எஸ்தர், நிலை நிரூபிக்கப்பட்டது.

அந்தக் குறிப்பில் நிலையை வைத்தது யார் என்பதற்குக் கட்டமே கிடையாது. பார்க்கிறவர்களுக்கு, முடிக்காத லெம்மாவை முடித்ததாக எஸ்தர்தான் எழுதிவைத்தாள் என்றுதான் தெரியும். அவளோ பச்சை உடம்போடு அம்மா வீட்டில் இருக்கிறாள். நான் வாயைத் திறக்காவிட்டால் என்னை யாரும் கேட்கப்போவதில்லை.

கீழே இறங்கி, பட்டறைக் குழாயடியில் நின்று முகம் கழுவினேன். மறுபடி கழுவினேன். பாய் எட்டிப் பார்த்து, "இன்னாமா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது? ஒடம்பு சரியில்லியா?" என்றார். ஒன்றுமில்லை பாய் என்றேன். அங்கே அரைமணி நேரம் நின்றிருப்பேன். அந்த அரைமணி நேரத்தில் என்னென்ன நினைத்தேன் என்பதை எழுத இப்போதும் கை கூசுகிறது. கடைசியில் மேலே போனேன். தைரியம் வந்துவிட்டதால் இல்லை. மூன்று மணிவரை அப்படியே இருக்க என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் முதலாளி சம்பத் சார் அதிகம் பேசாதவர். நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். திட்டவில்லை. "இது மேல எத்தனை தேற்றம் நிக்குதும்மா?" என்றார்.

எது எதை நம்பி நிற்கிறது என்று நான்தானே ஒட்டியிருந்தேன். கேட்டவுடன் பட்டியல் வந்தது. "பதினொண்ணு சார்."

"எல்லைத் தேற்றம்?"

"அதுவும் அதுல இருக்குது சார்." டாக்டர் வைத்த எல்லையைத் தாண்டி ஒரு சொட்டும் ஏறாது என்று சொல்லும் தேற்றம் அதுதான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த லெம்மா சொன்னது இதுதான்: பம்பை இடையில் நிறுத்தி மறுபடி ஓட்டினால், அதுவரை உள்ளே போன மருந்தின் அளவு மறக்கப்படாமல் தொடரும். கேட்க எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது! சார் முயன்றார். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் அந்த மென்பொருள் ஒரே இடத்தில் நின்று ஒரே கேள்வியைக் கேட்டது: நிறுத்தியிருக்கும்போது நர்ஸ் மருந்துப் பையை மாற்றினால்? பை மாறினால் அளவு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அப்படியானால் நோயாளிக்கு இரண்டு பங்கு மருந்து போய்விடுமே. நிரூபணம் இல்லை என்பது ஒரு கஷ்டம். விஷயமே பொய்யாக இருந்தால்?

"எஸ்தருக்கு போன் போடும்மா" என்றார்.

குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேல் குரலை உயர்த்தி அக்கா பேசினாள். "பையை மாத்தணும்னா கதவைத் தொறக்கணும்ல? தொறந்தா பம்ப் நிறுத்தத்துல இருக்காது, பூட்டு நிலைக்குப் போய்டும். பூட்டுலேர்ந்து வர்றத நான் அப்பவே முடிச்சிட்டேன். கதவு சமாச்சாரம் வேற யாரோ எழுதி வச்சிட்டாங்க, தேடிப் பாருமா. ஏய், இருடா, இருடா..." போனை வைத்துவிட்டாள். கடைசி வார்த்தைகள் எனக்கில்லை.

கதவு என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார்; கதவுக்கு அவர் என்ன பேர் வைத்தாரோ. அப்புறம்தான் உறைத்தது. பேரைத் தேடாமல் வகையைத் தேடினேன்: 'மருந்துப் பை மாற்றம்' என்று குறிப்பு ஒட்டிய ஃபைல்கள் என்னென்ன? மூன்று வந்தன. இரண்டாவதில் இருந்தது. அந்த மனிதர் கதவை 'மூடி' என்று எழுதியிருந்தார். நிறுத்த நிலையில் மூடி திறந்திருக்காது. நிரூபணம் முழுசாக, மஞ்சள் கோடு இல்லாமல்.

சார் அதை எடுத்துச் சேர்த்தார். ஐந்தாறு வரிதான். 'அப்புறம்' போய்விட்டது. அதன் மேல் நின்ற பதினொன்றையும் மறுபடி ஓடவிட்டோம். ஒவ்வொன்றாகப் பச்சை விழுந்தது. எல்லைத் தேற்றம் கடைசியில் வந்தது. அது பச்சையானபோது நான் மூச்சு விட்ட சத்தம் எனக்கே கேட்டது. கன்னமெல்லாம் ஈரம். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

தணிக்கைக்கு வந்தவர் சுருட்டை முடியில் நரை ஓடிய ஒரு அம்மா. சார் எதையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த அம்மா ஃபைலைத் திறந்து பொறுமையாகப் படித்தார்.

"நிலையப் போட்டது யாரு?"

"நான்தாங்க."

"கையால டைப் பண்ணீங்களா?"

"ஆமாங்க."

"இனிமே நீங்க அதைப் போடாதீங்க" என்றார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் சாரைப் பார்த்துத் திரும்பினார். "சரிபார்க்குற மெஷினே அந்த நிலையையும் எழுதட்டுமே சார். எதுக்கு எது உறவுன்னு மட்டும் இவங்க பார்க்கட்டும். இன்னிக்கு அதுதானே உங்களைக் காப்பாத்திச்சு?" பிறகு கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் அக்காவின் அம்மா வீட்டுக்குப் போனேன். பால் பவுடர், வசம்பு, சாம்பிராணி எல்லாம் கலந்த வாசனை. குழாயடியில் நின்ற அரைமணி நேரத்தைப் பற்றி, அவள் பேரிலேயே அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் நினைத்ததைப் பற்றி, ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். "அரைமணி நேரம்தானே?" என்றாள். பிறகு, "இந்தா, இவன புடி, நான் ஒரு வாய் சாப்பிட்டுக்கினு வரேன்" என்று குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

இப்போது அந்தத் தெருவில் எங்கள் ஆபீஸ் இல்லை. கட்டடத்தை இடித்துப் புடவைக் கடைக்கு வண்டி நிறுத்தும் இடம் ஆக்கிவிட்டார்கள். சம்பத் சார் ஓய்வு பெற்றுவிட்டார். எஸ்தர் அக்கா பெங்களூரில், கிறிஸ்துமஸுக்குப் பேசுவோம். நான் வேறொரு கம்பெனியில் இதே மாதிரி வேலைதான், அதிலும் பாதி நாள் வீட்டிலிருந்தே. ஃபைலைச் சேமித்த நொடியில் குறிப்புகள் தாமாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஒரு லெம்மாவில் 'அப்புறம்' இருந்தால் அதை நம்பி நிற்கும் அத்தனை பக்கங்களும் அதே கணம் மஞ்சளாகின்றன. அறிக்கை வெளியே போகவே மறுக்கிறது. கையால் சீட்டு ஒட்டிய காலம் போய்விட்டதே என்று யாராவது வருத்தப்பட்டால் அவர்களோடு சேர்ந்து வருத்தப்பட என்னால் ஆகாது. தணிக்கை நாள் காலையில் குழாயடியில் நின்ற அந்த அரைமணி நேரமும் அதோடு சேர்ந்தல்லவா போயிற்று!

புது வேலையில் சேர்ந்த முதல் நாள், யாரும் பார்க்காதபோது, நிலை என்ற கட்டத்தைக் கிளிக் செய்து ஏதாவது எழுத வருகிறதா என்று பார்த்தேன். கர்சர் உள்ளேயே போகவில்லை. இன்னும் இரண்டு முறை கிளிக் செய்தேன். போகவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.