ஊசி மாமாவின் வலப்பக்கம்

காது என்ற ஒன்று படைக்கப்பட்டதே ஊசி மாமாவுக்காகத்தான். மற்றவர்களுக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி தொங்க இரண்டு கொக்கி வேண்டுமே என்று, போனால் போகிறதென்று கொடுத்தது. இதைத் தெருவில் பரப்பியவள் அவருடைய அக்கா மகள் கொசு. அவள் சொல்வதில் முக்கால்வாசி புளுகு. ஆனால் இதை மட்டும் தெரு நம்பியது.

மாமாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குள் லென்ஸ் மாட்டும் வேலை. விடுமுறை நாளில் மாடியறையில் உட்கார்ந்து, தெருக்காரர்களின் இசைத்தட்டு பிளேயர்களுக்கு ஊசி மாட்டிக் கொடுப்பார். கூலி வாங்க மாட்டார். யாராவது பாட்டைக் கேட்டு வாயைப் பிளந்தால் போதும், மனுஷனுக்கு வயிறு நிறைந்துவிடும்.

அந்த வாரம் வந்தது பியானோ டீச்சரின் பிளேயர். டீச்சர் வருகிறார் என்றால் மாமா சட்டைக்கு இஸ்திரி போடுவார் என்பது கொசுவின் கண்டுபிடிப்பு. சனிக்கிழமை மாலை மாமா, பிளேயரின் கை நுனியில், ஊசியைத் தாங்கும் புது கார்ட்ரிட்ஜை இரண்டு பொடி ஸ்க்ரூவில் தொங்கவிட்டார். கோடு போட்ட அட்டையைச் சுழல்தட்டின்மேல் வைத்து, அதிலிருந்த புள்ளியில் ஊசிமுனையை இறக்கினார். கார்ட்ரிட்ஜின் விளிம்பு கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தார். மயிரிழை தள்ளினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை மயிரிழை திரும்ப இழுத்தார்.

"மாமா, மூச்சு விடுங்க. நீங்க போயிட்டா டீச்சருக்கு யாரு பதில் சொல்றது?"

"வாய மூடு கொசு. நீ விடுற காத்துல ஊசி ஆடுது."

அவர் கை கழுவப் போனதும் கொசு வேலையைக் காட்டினாள். கார்ட்ரிட்ஜின் பின்னால் நாலு ஒயர். வெள்ளையும் நீலமும் இடது ஸ்பீக்கருக்கு, சிவப்பும் பச்சையும் வலதுக்கு. ஜோடியை மாற்றிச் செருகிவிட்டாள். டீச்சர் கொடுத்திருந்த இசைத்தட்டில் பியானோ இடதில் தொடங்கும், வயலின் வலதிலிருந்து பதில் சொல்லும். நாளைக்கு எல்லாம் தலைகீழாக வரும், மாமா துள்ளிக் குதிப்பார். அவ்வளவுதான் திட்டம்.

காலையில் தட்டு சுழன்றது. பியானோ வலப்பக்கம் கேட்டது. மாமா கண்ணை மூடித் தலையாட்டினார்.

"கேட்டியா? இடப்பக்கம் பியானோ எப்படிக் கிணுங்குது!"

கொசு வலது ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள். பாட்டு முடிந்ததும் மெல்ல அவர் இடப்பக்கம் போய், "வழுக்கை மாமா" என்றாள். அசைவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னாள். மாமா வலப்பக்கம் திரும்பி வாசலைப் பார்த்து, "யாரு?" என்றார்.

தெருவில் எல்லோரையும் வலக்கைப் பக்கமே நடக்க வைப்பார். போனையும் வலக்காதில்தான் வைப்பார். எல்லாம் இப்போதுதான் உறைத்தது. ஒரு காது போனவருக்குச் சத்தம் கேட்கும், எந்தத் திசை என்றுதான் பிடிபடாது.

கீழே டீச்சரின் குரல் கேட்டது. பாட்டு பக்கம் மாறி வந்தால் அவர் ஒரு நொடியில் பிடித்துவிடுவார். அவர் முன்னாலேயே மாமாவின் குட்டு உடையும். அப்புறம் எவன் இந்த மாடி ஏறுவான்?

மாமா அழைத்து வர இறங்கினார். கொசு பிளேயர்மேல் பாய்ந்தாள். ஊசி உடைந்தால் தொலைந்தோம் என்று அதற்கு உறையை மாட்டிவிட்டு, ஒயர்களைப் பிடுங்கிப் பழையபடி செருகினாள். கடைசிப் பச்சை ஏறியதும் அவர்கள் உள்ளே வந்ததும் ஒன்றாக நடந்தது.

ஊசியைத் தொடப்போன மாமா, பின்னால் கசங்கிக் கிடந்த ஒயர்களைப் பார்த்து அரை நொடி நின்றார். பிறகு உறையைக் கழற்றினார்.

"என் எதிர்லயே ரெண்டு பேர் உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்குங்க," என்றார் டீச்சர். "பியானோ இங்க, வயலின் அங்க. உங்க காதே காது!"

மாமாவின் இரண்டு காதும் சிவந்தன.

டீச்சர் போனபின் டீ வந்தது. கொசு மாமா பக்கத்தில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்தாள்.

"காலைல உறைய நான் கழட்டி மேஜைல வச்சேன்," என்றார் மாமா. "அதுவா நடந்து போய் ஏறிக்கிச்சா?"

"எலியா இருக்கும்."

"ஒயர மாத்திட்டு, பயந்து திருப்பி மாட்டின எலி. சரி, போகட்டும்." டீயை உறிஞ்சினார். "எப்பவும் இடப்பக்கம் உக்காந்து என் பிஸ்கட்டத் திருடுவ. இன்னிக்கு என்ன, வலப்பக்கம்?"

கொசுவிடம் எப்போதும் நாலு புளுகு கையிருப்பில் இருக்கும். அன்று அத்தனையையும் விட்டுவிட்டு, பிஸ்கட்டை அவர் பக்கம் தள்ளினாள்.