கரிசலில் கால் மாட்டிய இயந்திரம்

எங்கள் நாடகத்தை டிவியில் போடப்போகிறார்கள் என்று பள்ளிக்கூடத்து இயற்பியல் சார் வந்து சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "குரல் யாரு சார்?" என்பதுதான்.

"யாருக்குத் தெரியும்? கதைய மட்டும்தான் வாங்கிக்கிட்டாங்க. மத்ததெல்லாம் அவங்க இஷ்டம்" என்றார். நாடகத்தை எழுதியவர் அவர்தான். ஒரு பத்திரிகையில் அச்சானதைப் பார்த்துவிட்டுச் சென்னை டிவி நிலையத்தார் அவரிடம் அனுமதி கேட்டு, புதிதாக எடுத்திருந்தார்கள்.

கதை இதுதான். வரப்போகும் ஏதோ ஒரு காலத்தில், தண்ணீர் இல்லாத ஊர்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறது அரசாங்கம். மூடலாமா என்று பார்த்துச் சொல்ல எங்கள் பக்கத்துக்கு ஓர் இயந்திர மனிதன் வருகிறது. ஊரைச் சுற்றுகிறது. கடைசியில் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்புகிறது: "ஊர் காலி இல்லை."

இயந்திரத்தின் உடம்பு, கயத்தாறில் பஞ்சர் கடை வைத்திருந்த அண்ணாச்சி. அப்பாவின் தீப்பெட்டித் தொழிற்சாலையில் (எங்கள் பக்கம் அதை 'ஆபீஸ்' என்போம்) கிடந்த அட்டைகளை வெட்டி, பெட்டிக்கு ஒட்டுகிற நீலத்தாளையே மேலே ஒட்டி அவருக்குச் சட்டை செய்தோம். வியர்வையில் சாயம் போய், நாடகம் முடியும்போது அண்ணாச்சி நிஜமாகவே வேற்றுக்கிரகவாசி மாதிரிதான் இருப்பார். குரல் நான். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, காலி பிஸ்கட் டின்னுக்குள் மைக்கையும் வாயையும் விட்டுப் பேசுவேன்.

அப்பா அதற்குச் சம்மதித்ததே ஒரு நிபந்தனையோடுதான். பேசுவது அவர் மகள் என்று வெளியே தெரியக்கூடாது. யாராவது கேட்டால் அவரே முந்திக்கொண்டு, "சிங்கப்பூர்ல இருந்து வந்த டேப்புல்லா?" என்று சொல்லிவிடுவார். ஊர் நம்பியது. எனக்கும் அது கொஞ்ச நாள் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் இல்லை. கைதட்டல் கேட்கும்போதெல்லாம் திரையில் ஓர் ஓட்டை தேடுவேன்.

எப்போதும்வென்றான் என்ற ஊரில் கோடையில் போட்ட நாடகத்தைச் சொல்லியாக வேண்டும். மேடை கிடையாது, பருத்தி எடுத்து முடித்த காடு. கரிசல் வெடித்துக் கிடந்தது. இயந்திரம் நாலு எட்டு வைத்ததுமே அண்ணாச்சியின் கால் முழங்கால் வரை வெடிப்புக்குள் போய்விட்டது. அட்டைக்குள்ளிருந்து "காலு மாட்டிக்கிட்டு" என்று அவர் முனகுவது எனக்கே கேட்டது. என்ன செய்ய? டின்னுக்குள் சொன்னேன்: "கால் மாட்டிக்கொண்டது. மனித உதவி தேவை."

அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த சம்சாரிகள், விவசாயிகளை அப்படித்தான் சொல்வோம், நாலைந்து பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்து, இயந்திரத்தைக் குலுக்கித் தூக்கி நிறுத்தினார்கள். "நன்றி. தொடர்கிறேன்" என்றேன். கூட்டம் விசிலடித்தது. அன்றிலிருந்து எந்த ஊரில் போட்டாலும் கால் மாட்டியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. வெடிப்பு இல்லாத ஊரில் நாங்களே பள்ளம் தோண்டினோம். இயந்திரத்தைத் தூக்குவதற்கென்றே ஆட்கள் முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள்.

டிவிச் செய்தி வந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். சார் புதிதாக இன்னொரு நாடகமும் எழுதி முடித்திருந்தார். இயந்திரத்தைத் தேடி அதைச் செய்த விஞ்ஞானி ஊருக்கு வருகிறாள். அந்த விஞ்ஞானி நான்தான் என்று சார் சொல்லிவிட்டார். முகத்தோடு, வெளிச்சத்தில். அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "வேண்டாம்." அம்மா, சார், பஞ்சர்கடை அண்ணாச்சி என்று மூன்று பேர் போய்க் கேட்டும் அந்த வார்த்தை அசையவில்லை.

கொடைக்கானல் டிவி கோபுரம் வந்து சென்னை நிகழ்ச்சிகள் எங்களுக்கு எட்டத் தொடங்கிய வருஷம் அது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டிவியை ஆபீஸ் முற்றத்தில் தூக்கி வைத்தோம். தீக்குச்சிகளை வரிசையாகச் செருகி வைக்கிற குச்சிச் சட்டங்களையெல்லாம் ஓரமாக அடுக்கி இடம் பண்ணியிருந்தது. எப்போதும்வென்றானிலிருந்து இயந்திரத்தைத் தூக்குகிற பழைய கோஷ்டி பஸ் பிடித்து வந்துவிட்டது. சாரும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி மொட்டைமாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பினார்.

"தெரியுதா?"

"புள்ளி புள்ளியாத் தெரியுது. மழ பெய்யுது போல."

"நம்மூர்லயாவே? அப்பம் அது வேற நாடகம்."

படம் நின்றது. எல்லாரும் ஒருசேர மூச்சை இழுத்தார்கள். தண்ணீர் இல்லாத ஊர் என்று ஒரு குரல் சொல்ல, பின்னால் தென்னந்தோப்பும் வாய்க்காலும்.

"ஏலே, அந்த வாய்க்கால நமக்குக் குடுத்தா கத முடிஞ்சுல்லா போச்சு!" என்றார் கூட்டத்தில் மூத்த சம்சாரி.

இயந்திரம் வந்தது. ஒன்று சொல்லவேண்டும், கண்ணில் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது அத்தனை அழகாக இருந்தது. மாடியிலிருந்து இறங்கி வந்த அண்ணாச்சி இமைக்காமல் பார்த்தார். "தகரத்துல செஞ்சிருக்காவ. வேர்க்காதுல்லா" என்றார், பொறாமையே இல்லாமல். ஆனால் அது வாய் திறந்ததும் கூட்டம் நெளிந்தது. ராஜா வேஷக்காரர் மாதிரி கனத்த ஆண்குரல், வார்த்தைக்கு வார்த்தை உருட்டியது.

கால் மாட்டுகிற இடத்துக்காகக் காத்திருந்தார்கள். மாட்டவில்லை. சிமெண்டுத் தரையில் எப்படி மாட்டும்? தூக்குகிற கோஷ்டியின் முகம் விழுந்துவிட்டது.

முடிவில் இயந்திரம் அழுதது. வயலினோடு.

மூத்த சம்சாரியால் பொறுக்க முடியவில்லை. "மொதலாளி, இத அமத்திட்டு அந்த டேப்பப் போடுங்க. சிங்கப்பூர் டேப்பு இங்கனதான கெடக்கும்? அந்தக் கொரலக் கேட்டுட்டாவது பஸ்ஸேறுதோம்."

"ஆமா, போடுங்க மொதலாளி!"

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொலைந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கூட்டத்தைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். அவருக்கும் அந்த வயலின் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

"டேப்பெல்லாம் கெடையாது. எம் மவ பேசுனது."

மூத்த சம்சாரி தொடையில் தட்டினார். "அதானே! கால் மாட்டுனது டேப்புக்கு எப்படித் தெரியும்? எனக்கு அன்னைக்கே சந்தேகம்."

"நீரு எங்கவே சந்தேகப்பட்டீரு?" என்றார் பக்கத்தில் இருந்தவர். "சிங்கப்பூர் சாமான், அதுக்குக் கண்ணும் இருக்கும்னு ஊரெல்லாம் சொன்னது நீருதான!"

முற்றமே சிரித்தது. "தாயி, ஒரு தடவ சொல்லு" என்றார்கள். அப்பாவைப் பார்த்தேன். "சொல்லேன்ட்டி" என்றார்.

எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றேன். அதன் நீல வெளிச்சம் முதுகிலும், ஆபீஸ் பல்பின் வெளிச்சம் முகத்திலும். டின் இல்லை, திரை இல்லை, கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. "கால் மாட்டிக்கொண்டது. மனித உதவி தேவை" என்றேன். அண்ணாச்சி உடனே ஒரு காலை மடக்கிச் சாய்ந்தார். தூக்குகிற கோஷ்டி துண்டைக் கட்டிக்கொண்டு பாய்ந்தது. "நன்றி" என்றேன், கடைசி வசனத்துக்கும் போனேன். "ஊர் காலி இல்லை."

விசில் அடங்கியதும் அப்பா சாரைப் பக்கத்தில் கூப்பிட்டார். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"அந்தப் புது நாடகத்துல, விஞ்ஞானி வருதாளே, அவ சாகுதாளா?"

"இல்லீங்க. கடைசி வரைக்கும் இருக்கா."

"அழுகுதாளா?"

"அழ நேரமே கிடையாது அவளுக்கு."

அப்பா முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அப்பம் ரிகர்சல இங்கனயே வச்சுக்கிடுங்க. குச்சிச் சட்டத்த மட்டும் யாரும் மிதிக்கப்படாது."