சத்தம் போடாத உறை

கத்தித் தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் பாம்புக்காது. ராணுவத்துக்குப் போகும் போர்க்கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பதும் குதிப்பதும் குந்தி எழுவதும்தான் அவர் உத்தியோகம். தலை நரைத்தவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். உறைக்குள் கத்தி ஆடிச் சத்தம் போட்டால், இருட்டில் பதுங்கியிருக்கும் சிப்பாய் தொலைந்தான்.

இந்தக் கத்தி, வடிவமைப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்த பெண்ணின் முதல் கத்தி. பிடியின் அடிவரை ஓடும் ஒரே இரும்பு, மினுங்காத கறுப்புப் பூச்சு, ஈரக்கையிலும் வழுக்காத சொரசொரப்பு, விரல் கூர்ப்பக்கம் நழுவாதபடி ஒரு தடுப்பு. எல்லாம் கனகச்சிதம். ஆனால் பாம்புக்காது குந்தினால் மட்டும் 'டக்'. பாவம், உறையை மூன்று தரம் மாற்றினாள். அப்போதும் 'டக்'. மறுநாள் ராணுவ அதிகாரி வருகிறார். அவர் காதில் விழுந்தால் கத்தி அவ்வளவுதான்.

"அழுகையா வருது அண்ணே," என்றாள். அவர் இன்னொரு தரம் குந்திப் பார்த்தார். 'டக்'.

சாயங்காலம் வீட்டில், கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடக் குந்தினார். அடுத்த அறையிலிருந்து மனைவி கத்தினாள்.

"ஏங்க, அந்தச் சனியன் புடிச்ச கத்திய வீட்டுக்கே கட்டிட்டு வந்துட்டீங்களா? டக்குனு கேக்குது!"

இடுப்பைத் தடவினார். ஒன்றுமில்லை. மெல்ல எழுந்தார். 'டக்'. வலது முழங்கால்! ஊர்ச் சத்தத்துக்கெல்லாம் காதைத் தீட்டியவர், சொந்தக் காலைக் கவனிக்கவில்லை.

"அடப்பாவி, நீதானா!" என்றார் முழங்காலிடம்.

காலையில் அசடு வழிய விஷயத்தைச் சொன்னார். "மூணு உறை அண்ணே! மூணு!" என்று தலையில் அடித்துக்கொண்டவள், தானே கட்டிக்கொண்டு குந்திப் பார்த்தாள். மூச்சு விடவில்லை கத்தி. அப்புறம்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வந்த அதிகாரியோ யாரையும் நம்பாத ஆள். கத்தியைத் தானே கட்டிக்கொண்டார். நடந்தார், குதித்தார், குந்தினார். 'டக்'.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. பாம்புக்காதுக்கு மட்டும் உள்ளுக்குள் குதூகலம். பழகிய சத்தமாயிற்றே!

"சார், கோவிச்சுக்காதீங்க. கத்திய கழட்டி வெச்சிட்டு இன்னொரு தரம் குந்துங்க."

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். கழற்றினார். குந்தினார். 'டக்'.

"எனக்கும் இருக்கு சார்," என்றார் பாம்புக்காது.

"கத்தி பாஸ்," என்று எழுந்தார் அதிகாரி. பெண் துள்ளிக் குதித்தாள். அவரோ பாம்புக்காதை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"முட்டிக்கு நீங்க என்ன தடவுறீங்க?"