இடது கண்

என் அத்தைக்கு மியூசியத்தில் 'நாற்காலியம்மா' என்று பெயர். பதினெட்டு வருஷமாக மூன்றாம் அறையில் ஒரே நாற்காலி, எதிரே ஒரே படம், அதற்கு இவள் காவல். முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு பெரிய ஓவியர் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்துகொண்ட படம் அது. மாமா அங்கேதான் பழைய படங்களைப் பழுதுபார்த்தார். அவர் போய் ஆறு வருஷமாகிறது. வேலையை விட்டுவிடேன் என்றால் அத்தை என் மேல் எரிந்து விழுவாள்.

போன வருஷம் நிபுணர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஆளுக்கொரு பூதக்கண்ணாடி, ஆளுக்கொரு அபிப்பிராயம். ஒரு வாரம் சண்டை போட்டுவிட்டு இடது கண்ணில் மட்டும் ஒத்துப்போனார்கள். அந்தக் கண் வேறு கை வரைந்தது. ஆகவே படமே ஓவியருடையதில்லை, யாரோ சீடன் பார்த்து வரைந்த நகல். திங்கட்கிழமை அதைக் கழற்றி நிலவறையில் போட்டுவிடுவதென்று முடிவாயிற்று.

அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. என்னவென்று துருவிக் கேட்டேன்.

"அந்தக் கண்ணு உன் மாமாவோடதுடா."

மாமா இருந்த காலத்தில் ஒருமுறை சுவர் ஈரத்தில் அந்த இடத்துச் சாயம் உதிர்ந்துவிட்டதாம். அப்படி உதிர்ந்தால் வெறும் நிறத்தை நிரப்பி, பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். மாமாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஓவியர் மாதிரியே கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு தன் கண்ணையே வரைந்துவிட்டார், கருவிழி ஓரத்துப் பழுப்புப் புள்ளி உட்பட. பதிவேட்டில் மூச்சு விடவில்லை.

"செத்தப்புறமும் பாத்துக்கிட்டேதான் இருக்காரு. சில நாள் உடம்பெல்லாம் நடுங்கும். ஆனா எந்திரிச்சுப் போக மனசு வராது."

"சொல்லிட்டா படம் தப்பிச்சிடுமே?"

"படம் தப்பிச்சிடும். கண்ணைத் துடைச்சிடுவாங்க."

"அப்போ சொல்லாத அத்தை. கீழ பத்திரமா இருக்கட்டும்."

"இருட்டுலயா? விளக்கு இல்லாம ஒரு நாள் தூங்கினவராடா அவரு?"

திங்கட்கிழமை காலை அத்தை போய்ச் சொல்லிவிட்டாள். ஒரு நிபுணர் பஞ்சை மருந்தில் நனைத்துத் துடைத்துப் பார்த்தார். பழைய சாயம் அசையவில்லை. மாமாவுடையது கரைந்து வந்தது. அத்தை அருகிலேயே நின்றாள். புள்ளி கடைசியில்தான் போயிற்று.

இப்போது படத்தின் கீழே ஓவியர் பெயரோடு புதுப் பலகை இருக்கிறது. இடது கண் இருந்த இடத்தில் வெறும் நிறம், வலது கண் மட்டும் பார்க்கிறது. நேற்றுப் போனபோது அத்தை நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள்.

"ஏன் அத்தை?"

"முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைடா," என்றாள். "எதிர உக்காந்து எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கிறது?"